வரலாறு படிக்க மகளை வெளிநாட்டு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு அனுப்பலாமா?

வெள்ளவத்தை அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சையில் வரலாறு, தமிழ், அளவையியல் ஆகிய மூன்று பாடங்களையும் எடுத்து நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். இசட் புள்ளியைப் பார்த்தால் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலைப்பீடத்தில் இடம் கிடைக்கும் என்றே ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இதற்கிடையில் அவள் தானாகவே விண்ணப்பித்து, அமெரிக்காவில் உள்ள ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் வரலாறு படிப்பதற்கு அனுமதியும் பெற்றுவிட்டாள். படிப்பு நான்கு ஆண்டுகள். கட்டணத்தின் பெரும்பகுதியைக் கல்லூரியே புலமைப்பரிசிலாகத் தருகிறது. பயணச் செலவும் மீதித் தொகையும் எங்கள் பொறுப்பு.

என் கணவர் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை பார்க்கிறார். மகள் கணக்கியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். ஆனாலும் அவர் கோபப்படவில்லை, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்: "எங்களுடைய வரலாறு இங்கேதானே கிடக்கிறது, அதைப் படிக்க ஏன் கடல் கடந்து போக வேண்டும்?" மகளாலும் அதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றைத் தேடித்தான் இங்கே எழுதுகிறேன். வரலாற்றைப் பட்டப்படிப்பாகப் படிப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதையும் விளங்கப்படுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடசாலையில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் கிடைத்தால்தான் முதலாவது கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும்.

சாதாரண தரத்தில் வரலாறு கட்டாய பாடமாக இருப்பதனால் எல்லாப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் கிடைப்பது முடிவுகள் மட்டுமே. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றினர், ஆங்கிலேயர் 1796இல் கைப்பற்றினர், கண்டி ஒப்பந்தம் 1815இல் கைச்சாத்தானது என்று மனனம் செய்து எழுதிவிட்டு வருகிறார்கள். இந்த முடிவுகளுக்கு யார், எதை வாசித்து, எப்படி வந்தார்கள் என்று பார்ப்பதற்கு நாற்பது நிமிடப் பாடவேளையில் இடமில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கறுவாத்தோட்டத்தில் 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக்கு ஒருநாள் மகளைக் கூட்டிச் செல்லுங்கள். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் பயணத்தை ஒட்டி 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் பொறிக்கப்பட்ட கல் அது. சீன மொழியிலும் தமிழிலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்புகள் என்றுதான் எவரும் முதலில் எண்ணுவார்கள். ஆனால் சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கு அளித்தவற்றைச் சொல்கிறது. பாரசீகப் பகுதியோ இஸ்லாமியரின் இறைவனைப் போற்றுகிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் என்று காணிக்கைப் பட்டியல்கள் பெரிதும் ஒத்திருக்க, பெறுபவர் மட்டும் மாறுகிறார்.

பட்ட வகுப்பில் இந்தக் கல்லின் முன் நிற்கும் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகளைப் பாருங்கள். சீனத்திலிருந்து வந்தவர்கள் தென்னிலங்கையில் தமிழைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அந்தக் கரையில் வணிகம் செய்தோர் யார் யார் என்று அது காட்டுகிறதா? சிங்களம் ஏன் அதில் இல்லை? சமாதானமும் பக்தியும் ததும்பும் இந்தக் கல் பொறிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகளில், 1411இல், அதே செங் ஹ இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றாரே, அப்படியானால் கல்லின் சொற்களை எந்த அளவுக்கு நம்பலாம்? சீனச் சான்றையும் தமிழ்ச் சான்றையும் அருகருகே வைத்து, ஒன்று மறைப்பதை மற்றொன்றில் தேடி, தன் முடிவைப் பிறர் சரிபார்க்கக் கூடிய முறையில் எழுதுவதுதான் வரலாறு படிப்பவரின் அன்றாட வேலை.

இதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நான் பேராதனையில் சிறப்புப் பட்டம் படித்தபோது தமிழிலேயே இதைக் கற்றேன். வெளிநாடு போகும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதப் பழகி, எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஊருக்கு விளங்காத மொழியில் எழுதுபவர்களாக மாறிவிடுகிறார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

தெஹிவளை கணக்காளர் எழுதியது:

உங்கள் கணவரின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். புலமைப்பரிசில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மீதித் தொகையை டொலரில் செலுத்த வேண்டும். 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் கண்டோம். நான்கு ஆண்டுக்கான மீதித் தொகை, காப்புறுதி, குளிர்கால உடைகள், இடையில் ஒரு முறையாவது வீட்டுக்கு வந்து போகும் செலவு என எல்லாவற்றையும் இன்றைய நாணய மாற்று வீதத்திலும், அதைவிட மோசமான ஒரு வீதத்திலும் கணக்கிட்டுப் பாருங்கள். புலமைப்பரிசில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுமா, எந்தப் பெறுபேற்றின் அடிப்படையில் புதுப்பிக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதனால் வரலாற்றை மதிக்காதவன் என்று என்னை எண்ண வேண்டாம்.

நான்காம் ஆண்டு மாணவி எழுதியது:

அன்ரி, நான் பம்பலப்பிட்டியில் வளர்ந்தவள். இப்போது அமெரிக்காவில் அப்படியான ஒரு சிறிய கல்லூரியில் வரலாற்றைப் பிரதான பாடமாக எடுத்து இறுதி ஆண்டில் இருக்கிறேன். ஆசிரியர் ஐயாவின் கவலையில் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பெயரை எங்கள் ஆட்கள் 'கலைக் கல்லூரி' என்று மொழிபெயர்த்துக்கொண்டு, சங்கீதமும் ஓவியமும் படிக்கும் இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் என்ற ஏழையும் சேர்த்தே இந்தப் பெயரால் அழைத்தார்கள். அந்த ஏழில் வரலாறு இல்லை என்பதை முதல் வகுப்பில் கேட்டபோது எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. இன்றைய கல்லூரிகளில் இதன் நடைமுறைப் பொருள் இதுதான்: நீங்கள் ஒரு பீடத்துக்குள் அடைபட்டுப் போவதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் பிரதான பாடத்தை அறிவிக்க வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் விஞ்ஞானம், கணிதம், பிறமொழி, மெய்யியல் என்று வெவ்வேறு துறைகளிலிருந்தும் பாடங்களை எடுக்க வேண்டும். எங்கள் நாட்டில் பதினாறு வயதில் கலைப்பிரிவு என்று ஒரு கதவைத் திறந்தால் மற்றக் கதவுகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன அல்லவா? அங்கே அவை திறந்தே இருக்கின்றன.

இது எனக்கு எப்படிப் பயன்பட்டது என்று சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் புள்ளிவிபரவியலும் குடியேற்றவாத வரலாறும் ஒரே தவணையில் அமைந்தன. இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. ஆனால் 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டில்தான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்ற இரண்டு தனித்தனி நிரல்கள் முதன்முதலாக வந்தன. புள்ளிவிபர வகுப்பில் எண்களை எப்படிக் கையாள்வது என்று கற்றேன். வரலாற்று வகுப்பில் அந்த நிரல்களின் தலைப்பை யார், எந்த நிர்வாகத் தேவைக்காக எழுதினார்கள் என்று தேடினேன். கணக்கெடுப்பவரின் தாளில் அச்சிடப்பட்ட ஒரு சொல், நாற்பது ஆண்டுகளுக்குள் ஒருவருக்குக் குடியுரிமை உண்டா இல்லையா என்ற விவாதத்தில் எப்படி ஒலித்தது என்பதே நான் எழுதிய முதல் பெரிய கட்டுரை. இரண்டு வகுப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திராவிட்டால் அந்தக் கட்டுரை பிறந்தே இருக்காது.

வகுப்புகள் சிறியவை. பதினைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வோம். வாசிக்காமல் போனால் ஒளிவதற்கு இடமில்லை. வாராவாரம் எழுத வேண்டும்; எழுதியதைப் பேராசிரியர் வரிவரியாகத் திருத்தித் தருவார்; திரும்பவும் எழுத வேண்டும். கொழும்பில் ரியூசன் குறிப்புகளை ஒப்புவித்துப் பழகிய எனக்கு முதல் தவணை மிகக் கடினமாக இருந்தது. என் முதல் கட்டுரையில் எல்லாத் தகவல்களும் சரியாக இருந்தன. ஆனால் நான் சொல்ல வந்தது எது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் தெற்காசிய வரலாறு கற்பிப்பவர் ஒருவரே. அவருடைய துறை முகலாயர் காலம். யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றியோ கோட்டை இராச்சியத்தைப் பற்றியோ ஆழமாகக் கேட்க அங்கே ஆள் இல்லை. நூலகத்தில் இருந்த தமிழ்ப் புத்தகங்கள் ஒரு தட்டுக்குள் அடங்கிவிட்டன. என் ஆய்வேட்டுக்கான ஆவணங்களைத் தேடி, கோடை விடுமுறையில் கொழும்பு 7க்குத்தான், தேசியச் சுவடிக்கூடத்துக்குத்தான், நான் திரும்பி வர வேண்டியிருந்தது. உங்கள் கணவர் கேட்ட கேள்வி அன்று என் மனத்திலும் எழுந்தது. முறையை அங்கே கற்றேன், பொருள் இங்கே இருந்தது என்பதுதான் என் அனுபவம்.

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

வரலாறு படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவன் என்ற முறையில் தொழில் பற்றிச் சிறிது சொல்லலாம் என நினைக்கிறேன். நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டமும் போதும். இதழியல், ஆசிரியப் பணி, நூதனசாலைப் பணி, சட்டம் என்று வழிகள் உண்டு. இவற்றை நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்ல வருவது வேறொன்று.

வடக்கில் உள்ள காணி ஒன்றை விற்க ஒரு மணமான பெண் என்னிடம் வந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளின் தொகுப்பான தேசவழமைச் சட்டம் அவருக்கு ஏற்புடையதா என்று நான் முதலில் பார்க்கிறேன். ஏற்புடையதாயின் கணவரின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கேட்கிறேன். முதுசமா (பரம்பரைச் சொத்து), சீதனமா, தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். அந்தத் தொகுப்பு எங்கிருந்து வந்தது? ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக, அதாவது பிரதேச நிர்வாக அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து 1707இல் கையளித்தது. 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்று ஒப்பினார்கள். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். ஒரு சமூகத்தின் வழமைகளை ஒரு வெளிநாட்டு அதிகாரி எழுதி, நிலமும் பதவியும் கொண்ட 12 ஆண்கள் ஒப்பிய அந்த நாளில், பெண் ஒருத்தியிடமும் எவரும் எதுவும் கேட்கவில்லை. எழுதப்படும் வரை காலத்தோடு வளைந்து கொடுத்த வழக்கம், எழுதப்பட்டதும் உறைந்துவிட்டது. சட்டக் கல்வி எனக்கு இந்தச் சட்டத்தின் பிரிவுகளைக் கற்றுத் தந்தது. இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு விதமாக இருந்திருக்க முடியுமா என்று கேட்கக் கற்றுத் தந்தது வரலாறுதான். என் கட்சிக்காரப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தை விளக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படிப்பை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

சுவடித் தேடல் எழுதியது:

நான் சுவடிக்கூடத்தின் வாசிப்பறையில் பல ஆண்டுகளைக் கழித்தவன். மாணவித் தங்கச்சி சொன்னதை ஒரு படி மேலே கொண்டு போக விரும்புகிறேன். எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த மொழிகள் என்பதுதான் உங்கள் மகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

சுவடிக்கூடத்தில் இருக்கும் ஒல்லாந்தர் காலப் பதிவேடுகள் 1640 தொடக்கம் 1796 வரையானவை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சுவடிகள் என்ற வகையில் அவை 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானவை, குடும்பங்களையும் நிலங்களையும் பதிந்த தோம்புகள். குடும்பத் தலைவர் யார், பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு நிலம், எத்தனை மரங்கள், கம்பனிக்குச் செய்ய வேண்டிய ஊழியம் என்ன என்று ஊர் ஊராக, வீடு வீடாக எழுதி வைத்திருக்கிறார்கள். அரசர்களின் பெயர்களையே வரலாறு என்று கற்ற எங்களுக்கு, பெயர் தெரியாத ஒரு குடியானவனின் வீட்டு முற்றத்தில் நின்ற தென்னைகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. ஆனால் அவை 18ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்தில் இருக்கின்றன. ஒல்லாந்த மொழி தெரிந்தாலும், அந்தக் கையெழுத்தைப் பழக மாதக் கணக்கில் உட்கார வேண்டும். தமிழ் மாணவர் மிகச் சிலரே அவற்றைத் திறக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனவை போய்விட்டன. எஞ்சியிருப்பவற்றையாவது வாசிக்க ஆட்கள் வேண்டும் என்ற ஏக்கத்தில் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் ஐயா, ஆங்கிலத்தில் எழுதுவோர் எங்களை விட்டு விலகுகிறார்கள் என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் தமிழில் மட்டும் வாசிப்பவர் சந்திக்கும் தடையும் அதே அளவு பெரியது. பாளி தெரியாமல் மகாவம்சத்தோடு வாதிடுகிறோம். சிங்களம் வாசிக்காமல் சிங்கள வரலாற்றாசிரியர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்கிறோம். அவர்களில் பலரும் எங்களைப் பற்றி அதையே செய்கிறார்கள். கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் போன்றோரின் எழுத்துக்கு இரு பக்கத்திலும் மதிப்பு இருப்பதற்குக் காரணம், பிராமிக் கல்வெட்டிலிருந்து பாளி நூல் வரை மூலங்களை நேரே வாசிக்கும் வல்லமை அவர்களிடம் இருந்ததுதான். ஆகவே கல்லூரியிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: இறுதி ஆண்டில் மூல ஆவணங்களின் அடிப்படையில் ஆய்வேடு எழுத வைப்பார்களா? மொழி கற்கவும் விடுமுறையில் ஆவணக் காப்பகங்களுக்குப் போகவும் பண உதவி உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் அனுப்புங்கள்.

நான்காம் ஆண்டு மாணவி எழுதியது:

அண்ணா சொன்னது முழுக்கச் சரி. தெருவிலும் பேருந்திலும் சிங்களம் பேசி வளர்ந்த நான், 19ஆம் நூற்றாண்டுச் சிங்களப் பத்திரிகை ஒன்றை வாசிப்பறையில் விரித்தபோது முதல் பத்தியைத் தாண்ட முடியாமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது. அமெரிக்கா போவதற்கு முன்பே சிங்களம் வாசிக்கப் பழகும்படி தங்கையிடம் சொல்லுங்கள்.

மலைநாட்டு மகன் எழுதியது:

இந்த இழையில் மலையகத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதாமல் போக மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பாட்டனாரின் பிறப்புப் பதிவு, கூப்பன் புத்தகம், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனவர் அவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், நாடற்றவர்களான இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் கணக்கின்படி பாட்டனாரின் தம்பிமார் இருவரும் கப்பலேறினார்கள், அவர் தங்கிவிட்டார்.

சுவடிக்கூடத்தில் தோட்டங்களைப் பற்றிய ஆவணங்கள் நிறைய உண்டு. ஆனால் அவை துரைமாரும் அதிகாரிகளும் எழுதியவை. தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடனை ஒரு துண்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய முறை 1921இல் தடை செய்யப்பட்டது. அதைப் பற்றித் தோட்ட முதலாளிகள் எழுதியதை வாசிக்கலாம்; கடன்பட்டவர் என்ன நினைத்தார் என்பதை எங்கே வாசிப்பது? கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டுகளிலும், முதியவர்களின் பேச்சிலும், எங்கள் வீட்டில் இருப்பது போன்ற பெட்டிகளிலும்தான் அது இருக்கிறது. வாய்மொழியைச் சான்றாகக் கொண்டு முறைப்படி பதிவு செய்யும் பயிற்சியை உங்கள் மகள் எங்கே பெற்றாலும் சரி, பெற்றுவிட்டு வரட்டும். எங்கள் பெட்டியைத் திறந்து காட்ட நான் தயாராக இருக்கிறேன்.

வெள்ளவத்தை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடந்த ஞாயிறு மூவரும் நூதனசாலைக்குப் போனோம். கல்லில் உள்ள பழைய தமிழ் எழுத்துகளில் மகளால் சிலவற்றைத்தான் கூட்டி வாசிக்க முடிந்தது. என் கணவர் நெடுநேரம் அதன் முன் நின்றார். திரும்பும் வழியில், தான் நாளாந்தம் சொல்லும் 'கந்தோர்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுச் சென்றது என்று மகள் சொன்னதும், நொத்தாரிசும் அப்படித்தானா என்று கேட்டார். ஆம் என்றாள். அதன் பிறகு வீடு வரும் வரை இருவரும் சொற்களைத் தேடிக்கொண்டே வந்தார்கள்.

கணக்காளர் ஐயா சொன்னபடி இரண்டு வீதங்களிலும் கணக்குப் போட்டோம். மோசமான வீதத்தில் மூன்றாம் ஆண்டு இறுக்கமாக இருக்கும். என் நகைகள் சிலவற்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கல்லூரிக்கு அந்த இரண்டு கேள்விகளையும் எழுதினாள். ஆய்வேடு உண்டு, விடுமுறை ஆய்வுக்குப் போட்டி முறையில் உதவி உண்டு என்று பதில் வந்தது. ஆகஸ்டில் போகிறாள்.

அதற்கு முன் பழைய சிங்களம் வாசிக்கப் பழக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சுவடித் தேடல் அவர்களே, வீட்டிலிருந்து தொடங்குவதானால் எதிலிருந்து தொடங்கலாம்?

சுவடித் தேடல் எழுதியது:

இன்றைய வர்த்தமானி அறிவித்தல் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வாரம் வரிவரியாக ஒப்பிட்டு வாசிக்கட்டும். அரச நடை பிடிபட்டதும் பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களுக்குப் போகலாம். அவை சிறியவை, சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. 1862இல் தொடங்கிய லக்மினி பஹன என்ற சிங்களப் பத்திரிகையின் செய்திப் பத்திகளை அதற்குப் பிறகு எடுக்கட்டும். தடுக்கும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு வந்தால், வாசிப்பறைக்கு நான் போகும் நாளில் இருவருமாக இருந்து பார்க்கலாம். நீங்களும் கூட வாருங்கள்.